நிர்வாகத்தை லினக்ஸ் சர்வருக்குச் சம்மதிக்க வைப்பது எப்படி?

கோவையில் ஒரு ஃபவுண்டரியின் கணினிப் பிரிவில் இருந்தபோது, “சார், இது இலவசம்” என்றுதான் முதலில் பேச்சைத் தொடங்கினேன். முதலாளி கேட்டது ஒரே கேள்வி: “ராத்திரியில நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடுவீங்க?” என்னிடம் பதில் இல்லை. சில மாதம் கழித்துப் பதிலோடு போனேன். அனுமதி கிடைத்தது. அந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. கணக்கெடுங்கள்

எத்தனை சர்வர், எதில் என்ன ஓடுகிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், லைசென்ஸ் ரசீது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். விண்டோஸ் சர்வரின் கட்டணம் பிராசசர் கோர்களைப் பொறுத்தது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்குக் கட்ட வேண்டும். அதோடு, பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ தனி அனுமதி உரிமமும் வாங்க வேண்டும். 2016 பதிப்புக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரி 12-உடன் நிற்கின்றன. எப்படியும் பணம் செலவழித்தாக வேண்டிய அப்படியொரு தேதி நெருங்கும்போது பேச்சை எடுங்கள்.

2. தொடக்கூடாததை ஒதுக்குங்கள்

டேலி, விண்டோஸில் மட்டுமே ஓடும் ஈஆர்பி, ஆக்டிவ் டைரக்டரி ஆகியவை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஊழியர்களின் மேசைக் கணினிகளையும் விட்டுவிடுங்கள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஆயிரக்கணக்கான மேசைக் கணினிகளை மாற்றியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. ஆளின் கைப்பழக்கத்தை மாற்றுவது கடினம். ஃபைல் சர்வர் அப்படியல்ல. லினக்ஸில் சம்பா மென்பொருளை நிறுவினால், ஊழியருக்கு நேற்றுப் பார்த்த அதே இசட் டிரைவ்தான் தெரியும்.

3. ‘இலவசம்’ என்று பேசாதீர்கள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நிர்வாகம் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். லைசென்ஸுக்குப் பணமில்லை. ஆனால் பயிற்சிக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் செலவு உண்டு. அதை நீங்களே முதலில் சொல்லுங்கள். பிறகு கேள்வி வந்து நீங்கள் விழிக்க வேண்டியிருக்காது.

4. பதிப்பைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

டெபியனுக்கும், உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்புகளுக்கும் சுமார் ஐந்தாண்டு திருத்தங்கள் கிடைக்கும். கட்டண ஆதரவு வேண்டுமென்றால் ரெட் ஹாட், சூசே, கனோனிக்கல் இருக்கின்றன. சென்ட்ஓஎஸ் 8-ஐ 2029 வரை நம்பலாம் என்று பலர் நிறுவினார்கள். 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்து, 2021 கடைசியோடு அது முடிந்தது. ஆகவே பதிப்பை நடத்துவது யார், முடிவெடுப்பது யார் என்று பார்த்துவிட்டே நிறுவுங்கள்.

5. ஒரு மாதம் ஓட்டிக் காட்டுங்கள்

பழைய கணினி ஒன்று, ஒரே ஒரு பிரிவு, நான்கு வாரம் போதும். நான் எடுத்தது கணக்குப் பிரிவு. கடைசி வாரத்தில் மேலாளரை அழைத்து, அவர் கண்ணெதிரே சம்பளக் கோப்பை அழித்தேன். முந்தைய இரவு ஆர்சிங்க் மென்பொருள் எடுத்துவைத்த நகலிலிருந்து மூன்று நிமிடத்தில் அது திரும்பி வந்தது. அவர் அதைத் திறந்து, கடைசி வரியின் கூட்டுத்தொகையை விரல்வைத்துச் சரிபார்த்தார். “பழைய சர்வர்ல இப்படி எடுக்க முடியுமா?” என்றார். அதிலும் பேக்கப் இருந்தது. ஆனால் திரும்ப எடுத்துப் பார்த்தவர் யாருமில்லை. எல்லா விலைப்பட்டியலையும்விட அந்த மூன்று நிமிடம்தான் எனக்காகப் பேசியது.

6. ஒரே பக்கம் எழுதுங்கள்

இரண்டு வழிகளுக்கும் ஐந்தாண்டுச் செலவு, எது மாறும், எது மாறாது, கோளாறு வந்தால் பொறுப்பு யார், சரிவராவிட்டால் எப்படித் திரும்புவது. இவ்வளவு போதும். துணைக்கு ஒரு வரி: மத்திய அரசே 2015-இல் தன் துறைகள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கொள்கை வெளியிட்டது.

7. மாற்றும் நாள்

மாதக் கடைசியும், ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கும் 11, 20 தேதிகளும் வேண்டாம். சனிக்கிழமை மாலை தொடங்குங்கள். பழைய சர்வரை ஒரு மாதம், படிக்க மட்டும் முடிகிற நிலையில் வைத்திருங்கள்.

இரண்டாவதாக ஒருவருக்கும் எல்லா வேலையையும் கற்றுக்கொடுங்கள். ரூட் கடவுச்சொல்லையும், சர்வரை நிறுத்தித் தொடங்கும் முறையையும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி நிர்வாகத்திடம் கொடுங்கள். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாத சர்வர் எந்த நிறுவனத்துக்கும் ஆபத்துதான், அதில் ஓடுவது எதுவானாலும்.

எங்கள் சர்வர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: இரண்டு ஊழியர்களின் பெயர், பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் எண், எந்த வரிசையில் அழைக்க வேண்டும் என்பது. முதலாளி நின்று படித்தார். அவர் முதல் நாள் கேட்டதற்கான பதில் அதில் இருந்தது.