தகுதியுடையது எது?

"வலியது வாழும், மெலியது மாயும், இஃது இயற்கையின் சட்டம். ஆகவே மக்களுள் உயர்வு தாழ்வும் இயற்கையே" எனக் கற்றோர் சிலர் உரைப்பதை உபாசகர்கள் கேட்டிருப்பீர்கள். டார்வினின் பெயரால் சொல்லப்படுவதால் நம்மவர் பலர் வாயடைத்துப் போகின்றனர். இதனைச் சற்று ஆராய்வோம்.

இக்கொள்கை டார்வினிடம் பிறந்ததன்று. உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் வெளிவந்தது 1859-இல். அதற்கு எட்டாண்டுகட்கு முன்னரே, ஏழைகட்கு அரசு உதவுதல் இயற்கையின் போக்கைத் தடுப்பதாகும் என ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதிவிட்டார். 'தகுதியுடையது எஞ்சும்' என்ற தொடரும் 1864-இல் அவர் ஆக்கியதே. டார்வின் 1869-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதனை எடுத்தாண்டார். தீர்ப்பை முதலில் எழுதிச் சாட்சியைப் பின்னர்த் தேடிய கதை இது!

சரி, தகுதி என்பதுதான் யாது? ஆலைகள் மலிந்த மான்செஸ்டர் நகரில் புகைக்கரி படிந்து மரப்பட்டைகள் கறுத்தன. அவற்றில் தங்கிய வெளிர்நிற விட்டிற்பூச்சிகளைப் பறவைகள் எளிதிற் கண்டு கொத்தின, கரியவை தப்பின. 1848-இல் அங்கு அரிதாயிருந்த கரும்பூச்சி, 1895 அளவில் நூற்றுக்கு 98 ஆயிற்று. 1956-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. புகை குறையக் குறைய வெளிர்நிறப் பூச்சியே மீண்டும் பெருகிற்று. இவற்றுள் எது உயர்ந்த சாதி? மரத்தின் நிறம் மாறிற்று, தகுதியும் உடன் மாறிற்று, அவ்வளவே.

நான் உழைத்த ஓர் ஆலையில், பஞ்சுத் தூசியால் இருமி இளைத்தவனை 'உடல்வலியற்றவன்' என ஏட்டில் குறித்து வெளியேற்றுவர். சாளரமற்ற அக்கூடத்தைப் பற்றி ஏட்டில் ஒரு வரியும் இராது. ஸ்பென்சரின் கணக்கும் அத்தகையதே.

இக்கணக்கு ஏட்டோடு நிற்கவில்லை. டார்வினின் உறவினர் கால்டன் 1883-இல் 'இனமேம்பாட்டியல்' எனப் பொருள்படும் புதுப்பெயர் ஒன்றைச் சூட்டினார். 1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், தகுதியற்றோர் எனக் கருதியவர்க்குக் கட்டாய மலடாக்கும் சட்டம் இயற்றியது. ஜெர்மனியில் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். டார்வினோ 1871-இல் எழுதிய நூலில், ஒருவர்க்கொருவர் இரங்கி உதவும் உறுப்பினர் மிகுந்த கூட்டமே தழைக்கும் என்றார். மேடையில் அவர் பெயரை முழக்குவோர் இப்பகுதியைத் தொடுவதில்லை!

நம் நாட்டிலும் இரத்தத் தூய்மை காக்கவே சாதி எழுந்தது என வாதித்தோர் உண்டு. பாபாசாகேப் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அவ்வாதத்தை மறுத்தார். 1972-இல் ரிச்சர்டு லெவாண்டின் என்னும் அறிஞர் இரத்தக் கூறுகளை ஆய்ந்து, மாந்தரிடையே காணும் மரபு வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு ஒரே மக்கட்கூட்டத்தின் உள்ளேயே அடங்கிவிடுகிறது எனக் காட்டினார்.

இனி வாசெட்ட சுத்தத்தை எடுத்து வாசியுங்கள். புல், மரம், பூச்சி, நாற்கால் விலங்கு, மீன், பறவை என ஒவ்வொன்றாய்ச் சுட்டி, இவற்றுக்குப் பிறப்பிலேயே வெவ்வேறு அடையாளம் உண்டு என்கிறார் பகவர். பின்னர் மனிதனிடம் வந்து தலைமயிர், காது, கண், வாய், கை, கால் எனத் தேடிச்சென்று, அத்தகைய பிறப்படையாளம் எதுவும் இங்கில்லை என உரைக்கின்றார்.