கணிதம் காட்டும் ஒரு பாதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

கணிதம் படித்தவனுக்கு ஆசிரியர் பணியையும் வங்கிப் பணியையும் விட்டால் வேறு வழியில்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்திருக்கும் நம்மில் பலருக்கு வேறு வழிகளைச் சொல்ல வீட்டில் ஆளும் இல்லை. அத்தகைய வழிகளுள் ஒன்றான கணித மாதிரி ஆய்வைப் பற்றி இங்குக் காண்போம்.

கணித மாதிரி என்பது யாது?

ஒரு நிகழ்ச்சி மாறும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதி, இனி நடக்கக் கூடியதைக் கணிப்பதே கணித மாதிரியாகும். கையால் தீர்க்க இயலாதவற்றைக் கணிப்பொறி தீர்த்துத் தருகிறது.

1897இல் செகந்தராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், பின்னர் அந்நோயைக் கணிதத்தாலும் ஆராய்ந்தார். கொசுக்களை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் மறையும் என்று காட்டினார். 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகிய இருவர் மக்களை நோய் வரக்கூடியவர், நோயுற்றவர், நோயிலிருந்து நீங்கியவர் என மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினர் மறு பிரிவுக்கு மாறும் வேகத்தை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினர். 1905-06இல் பம்பாயில் பிளேக் நோயால் இறந்தோரின் வாரக் கணக்கோடு தம் கணிப்பை ஒப்பிட்டனர். 2020இல் கொரோனா பரவியபோது பயன்பட்ட மாதிரிகள் பலவும் இதன் வழிவந்தவையே.

ஒரு நோயாளி சராசரியாக 3 பேருக்கு நோயைத் தருவதாகக் கொள்வோம். மூவரில் இருவர் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டால் ஒருவருக்கே தொற்றும். அதற்கு மேலும் சிலர் பெற்றால் நோய் தணியத் தொடங்கும். எத்தனை பேருக்குத் தடுப்பூசி வேண்டும் என்பது இவ்வாறே கணக்கிடப்படுகிறது.

படிகளும் ஆண்டுகளும்

பி.எஸ்ஸி.க்குப் பின் எம்.எஸ்ஸி. 2 ஆண்டுகள், ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு உண்டு. அடுத்து நெட் போன்ற தேர்வெழுதி முனைவர் பட்டம். ஏறத்தாழ 5 ஆண்டுகள். அதற்கும் பின் வருவது முனைவர் பட்ட மேலாய்வு. பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தில், இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில், புதிய சிக்கல் ஒன்றைத் தாமே ஆராயும் காலம் அது. அது படிப்பும் அன்று. நிரந்தரப் பணியும் அன்று. 1962இல் தொடங்கப்பெற்றுத் தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் அதற்கு வாய்ப்புண்டு. தேசிய உயர் கணித வாரியமும் உதவித்தொகை வழங்குகிறது.

நம் வீட்டுக் கணக்கு

இருபது வயதில் இருக்கும் நாம் நிரந்தரப் பணியில் அமர முப்பதைத் தாண்டலாம். அப்போதும் அது உறுதியன்று. கடனும் தங்கையின் திருமணமும் காத்திருக்கும் வீட்டுக்கு இது சிறிய கணக்கன்று. ஆனால் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விகிதப்படி, இளநிலை ஆய்வாளருக்கு மாதம் ரூ. 37,000, முனைவர் பட்டத்துக்குப் பின் ரூ. 58,000 முதல் கிடைக்கும். ஆகவே வருவாயின்றிக் கடக்க வேண்டியது, நெட் தேர்வில் உதவித்தொகைக்குரிய தகுதி பெற்றால், எம்.எஸ்ஸி.யின் 2 ஆண்டுகளே. இந்த உண்மையை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விலையுயர்ந்த கருவிகள் இத்துறைக்கு வேண்டா. வகைக்கெழுச் சமன்பாடு, புள்ளியியல், இலவசமாகக் கிடைக்கும் பைத்தான் போன்ற கணிப்பொறி மொழி ஆகிய மூன்றையும் இப்போதே ஊன்றிக் கற்போம். ஐயங்களை நம் பேராசிரியர்களிடம் தயங்காது கேட்போம். பாதை நீண்டதுதான், ஆனால் நமக்கு அடைக்கப்பட்டதன்று.