கொல்லாமை நெறியும் புரத உணவும்

புலால் உண்ணாத குடும்பத்தில் பிள்ளை சற்று மெலிந்திருந்தால், "முட்டையாவது கொடுங்கள்" என்று உறவினரும் நண்பரும் அறிவுரை கூறுவதைக் கேட்கின்றோம். அறத்தில் உறுதியுள்ள தாயும் அப்போது கலங்குகிறாள். இக்கலக்கம் தேவைதானா என்பதைப் புரதத்தின் இயல்பை அறிந்து தெளிவோம்.

நம் தசையும், குருதியின் செந்நிறப் பொருளும், உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளும் புரதத்தால் ஆனவை. புரதத்தை ஒரு மாலை எனக் கொண்டால், அமினோ அமிலங்கள் அதன் மலர்கள். ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் நடுவே ஒரு கரி அணு உண்டு. அதனுடன் அமினோ தொகுதி, அமிலத் தொகுதி, ஒரு ஹைட்ரஜன் அணு, பக்கத் தொகுதி ஆகிய நான்கும் இணைந்துள்ளன. பக்கத் தொகுதியே ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. ஒன்றன் அமிலத் தொகுதி அடுத்ததன் அமினோ தொகுதியோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, பெப்டைட் பிணைப்பு உண்டாகிறது. மாலை தொடுக்கும் நார் இதுவே. இன்சுலின் என்னும் சிறிய புரதத்தில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றின் வரிசையைக் கண்டறிந்த பிரடெரிக் சேங்கர் 1958-இல் நோபல் பரிசு பெற்றார்.

உண்ட புரதம் அப்படியே உடலில் சேர்வதில்லை. செரிமானத்தில் அம்மாலை அவிழ்ந்து, தனித்தனி மலர்களாகவே பெரும்பாலும் குருதியை அடைகிறது. முட்டையில் உள்ள லைசினும் துவரம்பருப்பில் உள்ள லைசினும் ஒரே பொருளே. எங்கிருந்து வந்தது என்பதை உடல் அறியாது.

புரதங்களைக் கட்டுவதற்கு 20 வகை அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றுள் 9 வகையை உணவின் வாயிலாகவே பெற இயலும். ஒன்று குறைந்தாலும் மாலை முற்றுப் பெறாது. அரிசியில் லைசின் குறைவு. மெத்தியோனின் போதிய அளவு உண்டு. பருப்பில் மெத்தியோனின் குறைவு; லைசின் மிகுதி. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. பொங்கலும் இட்டலியும் பருப்புச் சோறும் இவ்வகையில் நிறைவான உணவுகளே. இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டும் என்பதுமில்லை. ஒரே நாளில் உண்டால் போதும். பாலும் தயிரும் ஒன்பதையும் ஒருங்கே தருகின்றன.

ஆயினும் அளவில் நாம் கவனக் குறைவாக இருத்தலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, வளர்ந்தவருக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். அரிசி 300 கிராமில் சுமார் 21 கிராமும், பருப்பு 80 கிராமில் 17 கிராமும், பாலும் தயிருமாக 400 மில்லியில் 12 கிராமும் கிடைக்கும். ஆனால் ஒருவர் பங்குக்கு 15 கிராம் பருப்பே சேர்ந்த நீர்த்த சாம்பாரில் கிடைப்பது 3 கிராம் மட்டுமே. வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அவரவர் எடைக்கேற்ப இத்தேவை இன்னும் மிகுதி. மெலிவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாமாதலால் மருத்துவரைக் காட்டித் தெளிவதும் கடமையாம்.

ஆகவே, பிள்ளையின் தட்டில் பருப்பு குறைந்திருப்பின் அது நம் கவனக் குறைவே அன்றி, அறத்தின் குறையன்று. சாம்பாரைச் சற்றுக் கெட்டியாக்குவோம். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் தருவோம். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமலே நம் மக்களை வலிமையுடன் வளர்ப்போமாக.