குறுகிய தெருக்களில் சிறு அகழ் எந்திரம்

தக்க பாதுகாப்பின்றிக் கழிவுநீர்ச் சாக்கடையில் மனிதரை இறக்கித் தூர் வாருவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இதற்குச் செயல் வடிவம் தர எந்திரங்கள் தேவை. 6 டன்னுக்கும் குறைந்த எடையுள்ள சிறு அகழ் எந்திரம் குறுகிய தெருக்களிலும் நுழையும். தெருவின் அகலம், தோண்டும் ஆழம், மண்ணின் தன்மை ஆகியவற்றைக் கருதியே அதனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

வாளி மண்ணைச் சுரண்டி எடுக்கும்; இரு தாடைகளைக் கொண்ட கவ்வியோ செங்குத்தாக இறங்கிச் சேற்றையும் கல்லையும் அள்ளி வரும். கவ்வியின் எடை எந்திரத்தின் தூக்குதிறனிலிருந்து கழியும். எந்திரக் கை நீளுந்தோறும் அத்திறன் மேலும் குறையும். இவ்விரண்டையும் கணக்கிடாது பளுவேற்றினால் எந்திரம் கவிழக்கூடும்.

தோண்டுமுன் மின்கம்பி, குடிநீர்க் குழாய் ஆகியவற்றின் தடமறிதல் வேண்டும். 1.5 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தில் மண் சரியாதிருக்க முட்டுக் கொடுத்தல் இன்றியமையாதது.

எந்திரம் வாங்குவதோடு நிர்வாகத்தின் கடமை முடிவதில்லை. சாக்கடையில் இறங்கிவந்த தொழிலாளர்க்கே அதனை இயக்கும் பயிற்சியை அளித்தால்தான், அவர்தம் உயிரும் பிழைப்பும் ஒருங்கே காக்கப்படும்.