கடல் கடந்து அழைக்கப்படும் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள்

(மூன்றாமாண்டு, பொருளியல்)

கரிசல் காட்டுக்காரனுக்கு வெளிநாட்டுப் பிழைப்பு புதிதன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் பருத்திக் காட்டை விட்டு, மணியாச்சி சந்திப்பில் வண்டி மாறித் தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்து, இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர் பலர். அவர்களை ஆள் சேர்த்துக் கொண்டு போனவர் கங்காணி. முன்பணம் கொடுப்பார், அது கடனாகும், அக்கடன் 'துண்டு' என்னும் சீட்டில் ஏறும், தொழிலாளி தோட்டம் மாறினால் கடனும் கூடவே வரும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆள் சேர்ப்பு ஒழியவில்லை. இன்று அதே கடலுக்கு அப்பாலிருந்து அழைக்கப்படுவோரில் எம்.டி., எம்.எஸ். படித்த மருத்துவர்களும் உளர். இவர்களை அழைப்பவர் யார், எதற்காக அழைக்கின்றனர், இதில் நம் பகுதியின் வரவு செலவு யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

பிரிட்டன் நடந்த வழி

1948 ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. யாவருக்கும் இலவச மருத்துவம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் அத்தனை பேருக்கும் வைத்தியம் பார்க்க உள்நாட்டு மருத்துவர் போதவில்லை. அந்நாளில் சென்னையிலோ பம்பாயிலோ வாங்கிய எம்.பி.,பி.எஸ். பட்டம் அங்கும் செல்லுபடியானது. மேற்படிப்புக்கென்று கப்பலேறிய நம்மவர் மருத்துவமனைகளில் இளநிலைப் பணியில் அமர்ந்தனர். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இவர்கள் வராதிருந்தால் அப்பணியே சரிந்து விழுந்திருக்கும் என்று 1961இல் பிரபுக்கள் சபையில் கோஹன் பிரபு வெளிப்படையாகச் சொன்னார்.

வந்தவர்களுக்கு எந்த இடம் கிடைத்தது என்பதே கவனிக்கத்தக்கது. பேர் பெற்ற போதனா மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை, பொது மருத்துவம் ஆகிய துறைகளின் மேல்பதவிகள் பெரும்பாலும் உள்ளூரார்க்கே சென்றன. உள்ளூரார் விரும்பாத முதியோர் மருத்துவமும் மனநல மருத்துவமும் வந்தவர்களுக்கு விடப்பட்டன. இதயநோய் நிபுணராகும் கனவோடு போனவர் முதியோர் வார்டில் நின்றார். ஆனால் அங்கேயே நின்று அத்துறையை ஒரு மதிப்புள்ள துறையாக வளர்த்தவர்களுள் தெற்காசிய மருத்துவர்களின் பங்கு பெரிது. அவ்வாறே வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஊர் டாக்டராக அமர்ந்து, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களைத் தலைமுறை கடந்தும் பார்த்தவர்களில் இந்தியர் மிகுதி.

அதே வேல்ஸ் பள்ளத்தாக்கில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் மருத்துவர், 1971இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எங்கே நோய் மிகுதியோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகவே கிடைக்கும். சந்தையின் கையில் மருத்துவத்தை விட விட இந்த முரண் கூடும் என்பது அதன் சாரம். நாம் படிக்கும் தேவை, அளிப்பு விதியை இத்துறையில் இது தலைகீழாக்கிக் காட்டுகிறது. ஏனெனில் சந்தை கேட்பது நோயை அன்று, நோயாளியின் பணத்தை. கரிசல் பூமியில் வாழ்பவர்க்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

தேவை தீர்ந்தபோது கதவு அடைபட்டதும் இவ்வரலாற்றின் பகுதியே. 1975இல் இந்தியப் பட்டங்களுக்கு இருந்த நேரடி அங்கீகாரத்தை அங்குள்ள மருத்துவக் கவுன்சில் நீக்கியது. அதன்பின் தனித் தேர்வு வந்தது. மீண்டும் ஆள் பற்றாக்குறை. 2002 வாக்கில் அனுபவம் மிக்க ஸ்பெஷலிஸ்டுகளையே ஈராண்டு வரை வரவழைக்கும் திட்டம் வகுத்தனர். எகிப்தில் பிறந்த இதய அறுவை நிபுணர் மக்டி யாக்கூப் வெளிநாட்டு மருத்துவரை அழைக்கும் தூதராக நியமிக்கப்பட்டார். நான்கே ஆண்டுகள்! 2006இல் விதிகள் மாற்றப்பட்டு, பயிற்சியில் இருந்த இந்திய மருத்துவர் பலர் நடுவழியில் நின்றனர். இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் வழக்காடிற்று. 2008 ஏப்ரலில் பிரபுக்கள் சபை நீதிமன்றம், சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருமுன்னரே ஊர் திரும்பியவர்க்கு அதனால் என்ன பயன்?

வளைகுடாவின் அழைப்பு

1973இல் எண்ணெய் விலை ஏறியது. பாலைவன நாடுகளில் மருத்துவமனைகள் எழுந்தன. கட்டடத்தைப் பணம் எழுப்பிவிடும். மருத்துவனை எழுப்ப ஏறத்தாழப் பத்தாண்டுப் படிப்பு வேண்டுமே! ஆகவே ஆள் தேடிப் புறப்பட்டனர். தமிழக அரசும் 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அமைத்தது. சவுதி அரேபிய சுகாதார அமைச்சகம் முதலியவற்றுக்கு இந்நிறுவனத்தின் வாயிலாக மருத்துவரும் செவிலியரும் தெரிவு செய்யப்பட்டுள்ளனர்.

முறை இதுதான். மருத்துவமனை காலியிடத்தை அறிவிக்கும். நேர்காணல் நடக்கும். பின்னர் பட்டம், பதிவு, அனுபவச் சான்று ஒவ்வொன்றையும் வழங்கிய பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்குமே எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அந்நாட்டுத் தகுதித் தேர்வும் உண்டு. எம்.டி.க்குப் பின் எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைக் கொண்டே ஸ்பெஷலிஸ்டா, கன்சல்டன்டா என்று தரம் பிரிப்பர். சம்பளம் அதைப் பொறுத்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டுமே ஆள் சேர்க்கலாம். அவர் வாங்கும் கட்டணத்துக்கு ரூ.30,000உம் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் என வரம்பு உண்டு, ரசீதும் தரவேண்டும். படித்தவர்தாம் ஏமாறமாட்டார் என்று எண்ணற்க. அசல் சான்றிதழை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன் பழைய துண்டுக் காலத்தில்தான் இருக்கிறான்.

வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நம் மேடைப் பேச்சுகளில் இது மறக்கப்படுகிறது. வளைகுடா நாடுகள் பொதுவாகக் குடியுரிமை தருவதில்லை. ஒப்பந்தம் முடிந்தவர் என்றாவது ஒருநாள் திரும்புகிறார். பணத்தோடு, புதுக் கருவிகளைக் கையாண்ட பழக்கத்தோடு திரும்புகிறார். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்கா திறந்த கதவு அப்படியன்று. போனவர் குடும்பத்தோடு அங்கேயே வேர் பிடித்தார். இரண்டையும் ஒரே சொல்லால் 'மூளை வடிகால்' என்பது எனக்கு உடன்பாடில்லை.

நம் பக்கத்துக் கணக்கு

2010 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, பிற நாட்டு மருத்துவப் பணியாளரைச் சேர்ப்பதற்கான நெறிமுறையை ஏற்றது. கட்டாயமன்று, விருப்ப நெறியே. 2023இல் உலக சுகாதார நிறுவனம் பற்றாக்குறை மிகுந்த 55 நாடுகளின் பட்டியல் வெளியிட்டது. பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் அதில் உள்ளன; இந்தியா இல்லை. நாட்டுச் சராசரியைப் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். ஆனால் சராசரிக்கு நெஞ்சுவலி வருவதில்லை. மணியாச்சிப் பக்கத்துச் சிற்றூரில் நள்ளிரவில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், 'ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போ' என்பதே இன்றும் முதற்சொல். 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தோன்றியதால் அச்சொல்லாவது பிறந்தது. அங்கு உயர் சிறப்பு மருத்துவத்துக்கெனத் தனிக் கட்டடம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. அக்கட்டடத்தின் பயன் அதில் இருக்கும் நிபுணரைப் பொறுத்தது.

நிபுணரைத் தக்கவைக்கத் தமிழகம் கண்ட வழி, தடை அன்று, பண்டமாற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் அரசு மருத்துவர்க்கு மேற்படிப்பில் பாதி இடம் ஒதுக்குவது, படித்து முடித்தவர் அரசுப் பணியில் தொடர்வது என்பது அந்த ஏற்பாடு. நீட் தேர்வுக்குப்பின் இது ஆட்டங்கண்டது. மாநிலங்களுக்கு அவ்வுரிமை உண்டென்று 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. டி.எம்., எம்.சிஎச். படிப்புகளுக்கும் அதே ஆண்டு நவம்பரில் அரசாணை வந்தது; வழக்கில் சிக்கி, 2022 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வழி பிறந்தது. சிற்றூரில் சில ஆண்டு உழைத்தால் நிபுணராகலாம் என்னும் இந்த ஆசை, ரியாலோடும் பவுண்டோடும் போட்டியிடக் கூடியதா? சம்பளத்தில் முடியாது. ஆனால் பெற்றோர் அருகிலிருக்க, பிள்ளைகள் தமிழில் பேச, குடியிருக்க நல்ல வீடும், ஆபரேஷன் தியேட்டரில் வேண்டிய கருவியும், துணைக்கு ஒரு மயக்க மருந்து மருத்துவரும் இருந்தால், கோவில்பட்டியிலேயே இருந்துவிடலாம் என்று எண்ணுபவர் சிலராவது உண்டு. அந்தச் சிலரை எண்ணித்தான் ஊதியக் குழுவும் குடியிருப்புத் திட்டமும் வகுக்கப்பட வேண்டும். எல்லாரையும் நிறுத்திவைக்க அன்று.