கூவுவது ஆண்குயில்

அன்புள்ள பேத்திக்கு,

"குயில் கத்துது தாத்தா, ஆனா எங்க இருக்குன்னே தெரியல" என்று போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை ஐந்தே முக்காலுக்குப் பாமணி ஆற்றங்கரைக்கு நடந்தேன். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அங்கிருந்து தண்ணீர் வரும்வரை நம் ஆற்றில் மணல்தான். கரையில் நிற்கும் வேம்புகளில் ஒன்றிரண்டு பழுக்கத் தொடங்கிவிட்டன. வைகாசிக் கடைசியில் குயிலைத் தேடி அலையாதே. பழுத்த மரத்தைத் தேடு. குயிலுக்குப் பழம்தான் முக்கிய உணவு. மரத்தடியில் கால்மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, குரல் எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று காதால் பிடி. பிறகு அங்கே அடர்ந்த இலைகளுக்கு நடுவே பார்.

கறுப்பு உடல், இரத்தச் சிவப்புக் கண், வெளிர்பச்சை அலகு என்றால் அது ஆண். "கூ...ஊ" என்று கூவுவது அதுதான். நன்றாகப் பாடும் பெண்ணைக் குயில் என்று சொல்லிச் சொல்லி, பெண்குயில்தான் கூவுகிறது என்று நம்பிவிட்டோம். பெண் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. "கிக், கிக், கிக்" என்று படபடவென்று கத்தும். பார்த்தும் அதைக் குயில் என்று அறியாதவர்கள் ஏராளம்.

பக்கத்தில் காக்கைக் கூடு இருந்தால் இன்னும் பொறுமையாக இரு. ஆண்குயில் கூட்டருகே வந்து போக்குக் காட்டும். காக்கைகள் அதைத் துரத்தும். அந்த இடைவெளியில் பெண் உள்ளே புகுந்து முட்டையிட்டுவிடும். குயில்குஞ்சு காக்கைக் குஞ்சுக்கு முன்பே பொரிந்துவிடும். வேறு சில குயிலினங்களின் குஞ்சுகள் கூட்டிலுள்ள முட்டைகளை வெளியே தள்ளிவிடும். நம்மூர்க் குயில்குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காக்கைக் கூட்டில் முட்டையிடுவதைத் திருட்டு என்று சொல்லாதே. கூடு கட்டாத பறவை வம்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி இது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். போனில் குயிலோசையைப் போட்டு அதை வரவழைக்காதே. இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று பதறி, இரை தேடும் நேரத்தை அது வீணாக்கும். கூட்டருகேயும் போகாதே, காக்கை தலையில் கொத்தும்.

நோட்டில் தேதி, மணி, மரம், என்ன தின்றது என்று எழுது. தெரியாத பறவையென்றால் அலகு, வால், கண் நிறத்தைக் குறித்துக்கொள். பெயரைப் பிறகு நாம் தேடலாம். மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகத்தை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனியில் ஒரு சனி, ஞாயிறு இங்கே வா. கூட்டைவிட்டு வெளியே வந்த குயில்குஞ்சுக்குக் காக்கை இரை ஊட்டுவதைத் தேடிப் பார்ப்போம்.

அன்புடன்,
தாத்தா