வீட்டுக்குள் ஒரு புகைமூட்டம்

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்திராவில் எரிந்த காடுகளிலிருந்து வந்த புகையால் அங்குக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. மக்கள் முகக்கவரி அணிந்தனர், சன்னல்களை அடைத்தனர், கைக்குழந்தைகளை வெளியே தூக்கிச் செல்லவே அஞ்சினர். புகை வெளியிலிருந்து வரும்போது குழந்தையை எப்படிக் காப்பது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் புகை வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பினால் என்ன செய்வது? சன்னல் அடைத்த சிறிய அறையில் ஒருவர் தொடர்ந்து வெண்சுருட்டுப் பிடித்தால், அங்குள்ள நுண்துகளின் அளவு மோசமான புகைமூட்ட நாளின் அளவை எட்டக்கூடும். அதற்கு யாரும் அவசரநிலை அறிவிப்பதில்லை.

வெளியிடங்களைப் பொறுத்தவரை நம் நாட்டுச் சட்டம் படிப்படியாக இறுகி வந்துள்ளது. 2019 சனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்கத் தடை நடப்புக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் தோசை சாப்பிடப் போனாலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தேநீர் குடிக்கப் போனாலும், புகைப்பவர் கடையிலிருந்து 3 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். 2024 அக்டோபர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த சட்டம் 852, வேப் எனப்படும் மின்னியல் வெண்சுருட்டையும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனால் இச்சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. கருவுற்ற பெண் ஒருத்தி கடையில் தூய காற்றைச் சுவாசித்தபடி சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பியதும் புகையைச் சுவாசிக்கும் நிலை இதனால்தான் ஏற்படுகிறது. 2011இல் மலேசியாவில் நடத்தப்பட்ட பெரியவர்களுக்கான புகையிலை ஆய்வில், பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் தங்கள் வீட்டிலேயே பிறர் விடும் புகைக்கு ஆளாகியிருந்தது தெரியவந்தது.

பிறர் விடும் புகை என்றால் புகைப்பவரின் வாயிலிருந்து வருவது மட்டுமன்று. வெண்சுருட்டின் நுனி சும்மா எரிந்துகொண்டிருக்கும்போது எழும் புகையே அதில் பெரும்பகுதி. அது எந்த வடிகட்டியையும் கடந்து வருவதில்லை. புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கவல்லவை. 1981இல் சப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் கவனித்து வந்த ஆய்வு அது. கணவர் அதிகமாகப் புகைத்த வீடுகளில், புகைக்காத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அது வெளிவந்தபோது புகையிலை நிறுவனங்கள் கடுமையாக மறுத்தன. பின்னர் வந்த பல ஆய்வுகள் ஹிராயாமா கண்டதையே உறுதிப்படுத்தின.

இனி வயிற்றிலுள்ள குழந்தைக்கு வருவோம். அது மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய உயிர்வளி தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகவே கிடைக்கிறது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு இருக்கிறது. இரத்தச் சிவப்பணுக்களில் உயிர்வளி அமர வேண்டிய இடத்தில் இது உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் ஒருவர் எழாமல் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவருக்கு இருக்கை இல்லாமல் போவதைப் போன்றது இது. நிக்கோட்டினோ இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இதனால் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உயிர்வளி குறைகிறது. தாய் ஒரு முறைகூடப் புகைத்ததில்லை என்றாலும், வீட்டுப் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த எடையில் பிறக்கும் குழந்தை எளிதில் நோய்வாய்ப்படும்.

பிறந்த பிறகு ஆபத்தின் வடிவம் மாறுகிறது. பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பச்சிளங்குழந்தையோ 40 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. ஆகவே ஒரே அறையில் இருந்தாலும், தன் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால், குழந்தைதான் அதிகப் புகையை உள்ளிழுக்கிறது. எழுந்து வேறு அறைக்குப் போகவும் அதனால் முடியாது. நுரையீரல் அழற்சி, ஈளை, காதில் தொற்று ஆகியவை இத்தகைய வீடுகளில் வளரும் குழந்தைகளுக்குக் கூடுதலாக வருகின்றன. நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் அவலத்திற்கும் புகை ஒரு காரணியாகக் கண்டறியப்பட்டுள்ளது.

“நான் பால்கனியில்தானே பிடிக்கிறேன்” என்பார்கள். மலிவு விலை அடுக்குமாடி வீடு ஏறக்குறைய 700 சதுர அடிதான். பால்கனிக் கதவுக்கும் தொட்டிலுக்கும் இடையே சில அடிகளே இருக்கும்; காற்று உள்நோக்கி வீசினால் புகையும் உள்ளே வரும். மின்விசிறி புகையைக் கலக்கிவிடுமே தவிர அகற்றாது. குளிர்சாதனப் பெட்டி அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. காற்றோட்டத்தால் மட்டும் இந்தப் புகையின் தீங்கைப் போக்க முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை திட்டவட்டமாகக் கூறியது. புகைத்து முடித்த பின்னும் சட்டையிலும் திரைச்சீலையிலும் மெத்தை நாற்காலியிலும் நச்சு எச்சம் படிந்திருக்கும். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தோளில் போட்டால், குழந்தை முகம் புதைப்பது அதில்தான். ஆகவே வீட்டுக்கும் காருக்கும் உள்ளே புகைக்கவே கூடாது; கீழே இறங்கிப் போய்ப் புகைத்தவரும் கைகழுவி, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். இதில் பாதி வழி என்று ஒன்றில்லை.

புகையிலையை மட்டும் குறைகூறிவிட்டு நம் வழக்கங்களைப் பார்க்காமல் விடுவது நியாயமாகாது. குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். இரவில் தொட்டிலுக்கு அருகே கொசுவத்தி ஏற்றுகிறோம். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட கொசுவத்திகளைச் சோதித்தது. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 வெண்சுருட்டுகளிலிருந்து வெளிவருவதற்குச் சமம் என்று அது கண்டது. டிங்கிக் காய்ச்சல் உள்ள நம் ஊரில் கொசுவை விட்டுவைக்க முடியாதுதான். ஆனால் அதற்குக் கொசுவலை இருக்கிறது. தலைமுடியைத் துவட்ட உலர்ந்த துண்டே போதும். பாட்டி மனம் வருந்துவார் என்றால், சாம்பிராணியைச் சாமி அறையோடு நிறுத்திக்கொள்ளலாம்; குழந்தை அங்கு இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் கடினமானது, புகைப்பவரிடம் இதைச் சொல்வதுதான். பெரும்பாலும் அவர் அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருப்பார். மருமகளால் மாமனாரிடம் வாய் திறக்க முடியாது. பதின்ம வயதுப் பேரனோ பேத்தியோ சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். சுகாதார நிலையத்துத் தாதி சொன்னால் அந்தச் சிக்கல் குறைகிறது. எனவே கர்ப்பகாலப் பரிசோதனைக்குக் கணவரும் உடன் செல்வது நல்லது. வீட்டில் யார் புகைக்கிறார் என்பதைத் தாதியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். விட நினைப்பவருக்கு அரசு சுகாதார நிலையங்களில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் சிகிச்சை உண்டு. நிக்கோட்டின் அடிமைத்தனம் ஒரு நோய். வெறும் மன உறுதிக் குறைவு அன்று. முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் குறைவு.

தாத்தா அறுபது வயதில் பழக்கத்தை ஒரே நாளில் விட்டுவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது. “தாத்தா, பாப்பா உள்ள தூங்குது. கீழ போய்ப் பிடிச்சிட்டு வாங்க. வந்ததும் சட்டைய மாத்திட்டுத் தூக்குங்க, நான் வேற சட்டை எடுத்து வைக்கிறேன்” என்று சொல்லலாம். மின்தூக்கி பழுதான நாளில் அவர் ஐந்து மாடி இறங்க வேண்டியிருக்கும். முணுமுணுப்பார். அன்றைக்கு ஒன்றிரண்டு வெண்சுருட்டு குறையவும் செய்யும்.